நூறு சதவீதம்

கற்பகம் அவென்யூவின் கடைசியில், டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டினாற்போல, லாரியிலிருந்து இறக்கி வைத்த கன்டெய்னர் மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. பூங்காவுக்கென்று விட்ட இடம் அது. ஊஞ்சல் வரும், சறுக்குமரம் வரும் என்று பத்து வருஷம் காத்திருந்தவர்களுக்குக் கடைசியில் ஒரு பேட்டரி வந்து சேர்ந்தது. அதைச் சுற்றிக் கம்பி வேலி, வேலிக்குள் தகரக் கூரை போட்ட ஓர் அறை, அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் அயூப் பாய்.

முடிச்சூர் சாலைப் பக்கம் அயூப் பாயைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பத்தோரு வருஷம் இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருந்தவர். டிவிஎஸ் ஐம்பதின் முன்னால் டிஸ்டில்டு வாட்டர் கேனை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். அவருடைய சட்டை எதை எடுத்தாலும் ஆசிட் பட்ட ஓட்டை பொட்டுப் பொட்டாக இருக்கும். மனைவி பஷீரா அவருக்குப் புதுச்சட்டை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். நோன்புப் பெருநாளுக்கு மட்டும் ஒன்று, அதுவும் தொழுதுவிட்டு வந்ததும் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

கரன்ட் போவது குறைந்தது. கடை நொண்டியடித்தது, பிறகு படுத்தேவிட்டது. மகன் இர்ஃபான் பொத்தேரியில் எலெக்ட்ரிகல் படித்துவிட்டு, காலனிகளுக்குப் பெரிய பேட்டரி வைக்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தான். மறைமலை நகரிலிருந்து முடிச்சூர் வரை நான்கு பெட்டிகள் அவன் பொறுப்பு. இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டபோது வாப்பாவையே சேர்த்துவிட்டான். வேலிப்பக்கம் புல் செதுக்க வேண்டும், ஃபில்டரைக் கழுவ வேண்டும், பாம்பு எலி வராமல் பார்க்க வேண்டும், பெட்டியின் திரையில் சிவப்பு விளக்கு வந்தால் போன் பண்ண வேண்டும். இவ்வளவுதான் வேலை. திரையைத் தொடக் கூடாது.

முதல் நாள் திரையைப் பார்த்ததுமே அயூப் பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாடா இது, பாதி காலியா கீது?"

"அது அப்படித்தான் வாப்பா இருக்கணும்."

"பேட்டரியக் காலியா வுட்டா பிளேட் வெளுத்துப் பூடும்டா. எங்கிட்டயே சொல்றியா?"

"அது உங்க பழைய ஆசிட் பேட்டரி. இது லித்தியம். கேளுங்க. காலனில நாப்பத்திரண்டு வீடு. முப்பது கூரைல சோலார் இருக்கு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அத்தனை கூரையும் கரன்டைக் கொட்டுது, வாங்கிக்க வீட்ல ஆள் இல்ல. லைன்ல வோல்டேஜ் ஏறும். அதைக் குடிக்க இந்தப் பெட்டில இடம் வேணும். சாயந்திரம் எல்லாரும் வந்து ஏசி போடுவாங்க, அப்ப சூரியன் இருக்காது. குடிச்சதை இது திருப்பிக் கொடுக்கும். பெரிய லைன்லயும் அப்படித்தான். தெக்க காத்தாலை திடீர்னு நின்னுடுச்சுன்னா ஒரு செகண்ட்ல தாங்கிப் பிடிக்கணும். அதோ ஐம்பதுன்னு ஒரு நம்பர் ஓடுது பாருங்க, லைனோட ஃபிரீக்வென்சி, அது ஆடாம இருக்கணும்னா இது கொடுக்கவும் ரெடியா இருக்கணும், வாங்கவும் ரெடியா இருக்கணும். ஃபுல்லா இருந்தா எப்படி வாங்கும்?"

"அப்போ ஆத்திர அவசரத்துக்குன்னு?"

"இருபது பர்சென்ட் எப்பவும் கையில இருக்கும்."

"இருபதா!" என்றார் அயூப் பாய். வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசிதான் இருக்கிறது என்று கேள்விப்பட்டவர் போலத்தான் சொன்னார்.

மகன் சொன்னது மண்டையில் ஏறியது. மனதில் இறங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் ஒவ்வொரு வாசலிலும் அவர் சொல்லிவிட்டு வந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: ஃபுல்லா வெச்சுக்கங்க. பேட்டரி என்றால் நிரம்பியிருக்க வேண்டும். இது அவருக்குத் தொழில் மட்டும் இல்லை, கிட்டத்தட்ட ஒழுக்கம்.

இதைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் பெட்டிக்கு எதிர்வீட்டு ஸ்ரீரங்கன் சார்தான். லைனில் கடைசி வீடு அவருடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். எக்ஸ்சேஞ்சில் ஓர் அறை முழுக்க பேட்டரி வரிசையாக நிற்குமாம், எப்போதும் தளும்பத் தளும்ப நிரம்பி. அந்த அறை சாவி பத்து வருஷம் அவரிடம் இருந்தது. அதனாலேயே அவருக்கும் அயூப் பாய்க்கும் ஒட்டிக்கொண்டது. இப்போது நுரையீரல் தழும்பேறி, நாளில் பெரும்பகுதி ஆக்சிஜன் மெஷினோடு இருந்தார். மூக்கில் செருகிய நீளமான டியூபை இழுத்துக்கொண்டு பால்கனி வரை வருவார். அங்கிருந்து வேலிக்குள் இருக்கும் அயூப் பாயோடு பேச்சு.

"பாய், ஐம்பது ஆடறதா?"

"ஆடல சார். கெட்டியா நிக்கிது. நாப்பத்தொம்போது புள்ளி தொண்ணூத்தெட்டு."

"அது நிக்கற வரைக்கும் நானும் நிக்கிறேன்" என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். உள்ளிருந்து லோகநாயகி டீச்சர், "பேசாதீங்கோன்னு எத்தனை தரம் சொல்றது" என்று அதட்டுவார். அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்த டீச்சர். அதட்டலுக்குப் பின்னாலேயே ஒரு டம்ளர் காபி வேலியைத் தாண்டி வரும்.

சின்னச் சின்ன அலாரத்துக்கெல்லாம் இர்ஃபானைக் கூப்பிட வேண்டியிருந்தது. மறைமலை நகரில் ஏணி மேல் நிற்பவனை, விசிறியில் தூசி என்று சொல்லும் அலாரத்துக்காக எத்தனை முறை கூப்பிடுவது? ஒரு நாள் அலுத்துப்போய்த் தன் பாஸ்வேர்டையே சொல்லிவிட்டான். ரீசெட் மட்டும் அழுத்துங்கள், வேறெதையும் தொடாதீர்கள் என்றான். அயூப் பாயும் எட்டு மாதம் வேறெதையும் தொடவில்லை.

கார்த்திகையில் புயல் சின்னம் வந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து வானம் ஈயம் பூசினாற்போல இருந்தது. டிவியில் சிவப்பு சிவப்பாகப் படம் காட்டினார்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து ஆட்களுக்கு இதில் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ரெண்டாயிரத்துப் பதினைந்தில் அடையாறு ஊருக்குள் வந்து முதல் மாடி வரை ஏறியதைப் பார்த்தவர்கள். மத்தியானத்துக்குள் ஆவின் பூத்தில் பால் தீர்ந்தது, கடைகளில் மெழுகுவத்தி தீர்ந்தது, பெருங்களத்தூர் மேம்பாலத்தில் இடம் பிடிக்கக் காரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வண்டிகளை மேட்டில் ஏற்றிவிட்டு ஆட்கள் பள்ளத்துக்குத் திரும்பி வருகிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த வெள்ளத்தில் அயூப் பாயின் கடையிலிருந்த அத்தனை பேட்டரியும் முழுகிப் போயின. கற்பகம் அவென்யூவில் ஒன்பது நாள் கரன்ட் இல்லை. அதுதான் அன்று காலையிலிருந்து அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது நாள். கரன்ட் இல்லாவிட்டால் எதிர்வீட்டு மெஷின் ஒன்பது நிமிஷம்கூட ஓடாது.

சாயந்திரம் அஸர் தொழுதுவிட்டு வந்து திரையைப் பார்த்தார். நாற்பத்தொன்று. மழைமேகத்தில் கூரைகள் எதையும் தரவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆறு மணி ஆகும், இருக்கிறதையும் பெட்டி வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு இருபதில் வந்து நிற்கும். புயல் வருகிற ராத்திரி இருபதோடு உட்கார்ந்திருப்பதா? இர்ஃபானுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுநாள் பல்லாவரத்தில் நிக்காஹ், அயூப் பாயின் தம்பி மகளுக்கு. இர்ஃபான் மண்டபத்தில் பந்தல் வேலையில் இருந்தான்.

பாஸ்வேர்டைப் போட்டார். ஆட்டோ என்றிருந்ததை மேனுவலுக்கு மாற்றினார். லைனிலிருந்து நிரப்பு, நூறு வரை, அப்படியே வைத்திரு. நிச்சயம்தானா என்று திரை இங்கிலீஷில் கேட்டது. பிஸ்மில்லா சொல்லி அழுத்தினார்.

வேலிக்கு வெளியே வந்து பால்கனியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"சார்! நீங்க ஒண்ணியும் ரோசனை பண்ணாதீங்க. வயிறு முட்ட நெப்பிகினு கீது. நூறு வரைக்கும் வுட்டுட்டேன். ஊரே இருட்டானாலும் ஒங்க மெஷினு ஓடும்."

ஸ்ரீரங்கன் சாருக்கு முகம் மலர்ந்தது. "பேட்டரின்னா ஃபுல்லா இருக்கணும் பாய். எங்க எக்ஸ்சேஞ்ச்ல அதான் முதல் ரூல்."

"அதான சார். நம்ம பசங்களுக்கு எங்க தெரியுது."

டீச்சர் ஒரு பொட்டலத்தில் அடையும் வெல்லமும் கட்டிக் கொடுத்தார். மழை பிடிக்கறதுக்குள்ள வீட்டுக்குப் போங்கோ பாய் என்றார். இரண்டு பழைய பேட்டரிக்காரர்களும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

புயல் வரவில்லை. விடியற்காலையில் வடக்கே திரும்பி ஆந்திரா பக்கம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை, கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி வானம் பளிச்சென்றிருந்தது. காற்று சுத்தம், ஒரு துளி மேகம் இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. அயூப் பாய் காலையில் பெட்டிப் பக்கம் ஒரு நடை வந்து பார்த்தார். நூறு. ஆட்டோவுக்கு மாற்றலாமா என்று கை போனது. போன புயல் திரும்பி வராது என்று யார் சொன்னது, இன்றைக்கு ஒரு நாள் இருக்கட்டும், நிரம்பியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டார். பெருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு பல்லாவரம் போனார்.

நிக்காஹ் முடிந்து துஆ ஓதி, பந்தியில் உட்கார்ந்தார்கள். பிரியாணி சஹன் தட்டில் நாலு பேர் கை வைத்திருந்தபோது, தால்ச்சா வாளி பக்கத்தில் வந்தபோது, அவர் பையில் போன் அடித்தது. காலனி சங்கச் செயலாளர் முனிரத்தினம்.

"பாய்! எங்க கீறீங்க? லைட்டெல்லாம் பட்டு பட்டுனு வெடிக்குது. எங்க வூட்ல டிவி பொகையுது. ஃபேனு கயண்டு வுழறா மாதிரி சுத்துது பாய். கடைசி வூட்டு சாரோட மெஷினு பூட்ச்சு. அந்தம்மா தெருவுல நின்னு கத்திகினு கீது."

எதிரே இர்ஃபான் ஏற்கெனவே போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிக்காஹுக்காகச் சத்தத்தை அணைத்து வைத்திருந்ததில் பதினேழு அலாரம் வந்து குவிந்திருந்தது. இருநூற்று முப்பது இருக்க வேண்டிய வோல்டேஜ் இருநூற்று எண்பத்தைந்தில் நின்றது. பெட்டி நூறில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, குளிர்ந்த காற்று, ஒரு வீட்டிலும் ஏசி ஓடவில்லை. கூரைகள் கொட்டியதை வாங்கிக்கொள்ள எங்கேயும் இடமில்லை.

"யார் மேனுவல்ல போட்டது?" என்று இர்ஃபான் முணுமுணுத்தான். பிறகு தன் பெயரையே அங்கே பார்த்தான். நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தான். அயூப் பாயின் கை சோற்றிலேயே இருந்தது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

மகன் மண்டப வாசலுக்கு ஓடி, முனிரத்தினத்தை வீடு வீடாக அனுப்பிக் கூரைகளை ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னான். கால் மணியில் வோல்டேஜ் இறங்கியது. அதற்குள் ஸ்ரீரங்கன் சார் கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்த சின்ன சிலிண்டர் சற்று நேரத்தில் தீர்ந்தது. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அயூப் பாய் பெருநாள் சட்டையோடு தெருமுனைக்கு வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் எதிரே கடந்து போனது. கண்ணாடி வழியே டீச்சரின் முதுகு மட்டும் தெரிந்தது.

நாலாம் நாள், புதன்கிழமை காலை, சார் போய்விட்டார். சளி கட்டிவிட்டது, நுரையீரலில் முன்பே ஒன்றும் மிச்சம் இல்லை, இன்றில்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் என்றார் டாக்டர். அயூப் பாய் அதைக் கேட்டார். ஆறு மாதம் என்பது எத்தனை காபி, எத்தனை பேச்சு என்று மட்டும் தோன்றியது. முடிச்சூர் சுடுகாட்டு வாசலில் தள்ளி நின்றுவிட்டு வந்தார்.

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, லேப்டாப்பை விரித்துப் பார்த்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் இர்ஃபான் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமலேயே உட்கார்ந்தான்.

"மேனேஜர் கேட்டார். புயலுக்காக நான்தான் மேனுவல்ல போட்டேன்னு சொல்லிட்டேன்."

"நீ ஏன்டா சொன்ன?"

"வேற என்ன சொல்றது? என் பாஸ்வேர்டை எங்க வாப்பாகிட்ட கொடுத்தேன்னா? அது அதை விடப் பெரிய தப்பு. அவரே பாவம், பெரிசு பண்ண வேணாம்னுட்டார். அந்த வீட்டு மெஷின் பழசு, ஸ்டெபிலைசர் இல்லாம போட்டிருக்காங்க, வீட்டு ஃபால்ட்னு எழுதிட்டாங்க. டிவி போனவங்களுக்கு எல்லாம் வேற வாங்கிக் கொடுத்துடறாங்களாம். முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?"

"வாப்பா, ஜனவரில எனக்கு கன்ஃபர்மேஷன். இப்ப இதைக் கிளறினா வேலை மட்டும் போகாது. இந்த ஃபீல்டுலயே யாரும் எடுக்க மாட்டாங்க."

பஷீரா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். மூன்று நாளாக அவள்தான் காலையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் கூட உட்கார்ந்துவிட்டு வருகிறாள். சொல்லலாமா வேண்டாமா என்று முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றவள் சொல்லிவிட்டாள்.

"அந்தம்மா ஒரு வாய் துன்ன மாட்டேங்குது. எங்கையாலதான் அவரு செத்தாருன்னு சொல்லிகினே கீது."

"இன்னாது?" என்றார் அயூப் பாய்.

"மெஷினு சத்தம் போட்டுதாம். இது பயந்து போயி ரெண்டு வாட்டி நிறுத்தி நிறுத்திப் போட்டுச்சாம். அதான் எரிஞ்சு பூட்ச்சுன்னு நெனக்கிது. ஸ்டெபிலைசர எடுத்து ஃபிரிட்ஜுக்கு மாட்டிச்சாம் போன மாசம். புனேலேந்து புள்ள வந்துகிறான் இல்ல, அவன் ஆஸ்பத்திரி வாசல்ல கேட்டானாம், ஏம்மா இப்படிப் பண்ணேன்னு. அதுலேந்து ரெண்டு பேருக்கும் பேச்சே கெடயாது. ஒரே வூட்ல ஆளுக்கொரு ரூம்புல கீறாங்க."

அயூப் பாய் எழுந்து நின்றார். பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

"அது பண்ணல" என்றார். "இருநூத்தி எம்பத்தஞ்சுல எந்த மெஷினும் நிக்காது. அந்தம்மா தொட்டாலும் எரிஞ்சிருக்கும், தொடலன்னாலும் எரிஞ்சிருக்கும்."

"எனக்கும் தெரியும் வாப்பா."

"தெரிஞ்சிகினே கம்முனு இருக்கச் சொல்ற."

"சொன்னா அவர் எழுந்து வரப் போறாரா?"

"அவரு வர மாட்டாரு. அவங்க இன்னும் இருக்காங்களேடா."

இர்ஃபான் தலையைப் பிடித்துக்கொண்டான். "என்னைப் பத்தி யோசிக்கவே மாட்டீங்களா? கடை போனப்ப உங்களை அந்த நாற்காலில உக்கார வெச்சது யாரு? நான் என்ன தப்பு பண்ணேன்? தொடாதீங்கன்னு சொன்னேன். அவ்வளவுதானே சொன்னேன்."

மகன் சொன்னது அத்தனையும் நிஜம். அவர் பஷீராவைப் பார்த்தார், அவளாவது ஒரு வழி சொல்வாள் என்று.

"எம்மூஞ்சிய இன்னாத்துக்குப் பாக்கறீங்க?" என்றாள் பஷீரா. "எனக்கு எம்புள்ள பொழப்பு வேணும். அந்தம்மா மூஞ்சிய நாளைக்கும் போயிப் பாக்கணும். ரெண்டும் எப்படி ஆவும்? நான் வாயத் தொறந்தே இருக்கக் கூடாது."

அன்றைக்கு அந்த வீட்டில் கறிக்குழம்பு அப்படியே கிடந்தது. வெள்ளிக்கிழமைக் கறி மிஞ்சுவது அந்த வீட்டில் நடக்காத காரியம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அயூப் பாய் கிளம்பினார். இர்ஃபான் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் பண்ணதுன்னு மட்டும் சொல்றேன்டா. ஒம்பேரு வராது" என்றார்.

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. அவர் நடந்தே போனார்.

லோகநாயகி டீச்சர் கூடத்தில் தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எரிந்த மெஷினை யாரும் எடுத்துப் போடவில்லை. டியூப் சுருண்டு பக்கத்திலேயே கிடந்தது. ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குள் புனேயிலிருந்து வந்த மகன் அனிருத் யாருடனோ இங்கிலீஷில் போன் பேசிக்கொண்டிருந்தான்.

"வாங்கோ பாய்" என்றார் டீச்சர். "பஷீரா தினம் வரா. உங்களைத்தான் காணோம்."

அயூப் பாய் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"டீச்சர், நீங்க ஒண்ணியும் பண்ணல."

"என்ன?"

"மெஷின நீங்க எரிக்கல. நாந்தான் எரிச்சேன். அந்தப் பொட்டி பாதி காலியா இருக்கணும் டீச்சர். மத்தியானம் கூரைங்க குடுக்கறத வாங்கிக்கிறதுக்கு அதுல எடம் இருக்கணும். புயலு வருதேன்னு நான் சனிக்கெழம நூறு வரைக்கும் நெப்பிட்டேன். ஞாயித்துக்கெழம வெயிலு அடிச்சப்போ எடம் இல்ல. லைன்ல ஏறிட்ச்சு. ஒங்க வூடு லைன்ல கடைசி, இங்கதான் ரொம்ப ஏறும். ஸ்டெபிலைசர் இருந்திருந்தா அதுவும் சேந்து எரிஞ்சிருக்கும். நிறுத்திப் போட்டதுல ஒண்ணியும் இல்ல. காலைல வந்தப்போகூட மாத்தியிருக்கலாம். மாத்தல. முப்பது வருசமா பேட்டரின்னா ஃபுல்லா வெக்கணும்னு பழகிட்டேன். புள்ள சொன்னத கேக்கல. தப்பு எம்மேலதான்."

சாரும் ஃபுல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. போனவர் தலையில் ஒரு துளிகூட வைக்கக் கூடாது என்று வாசலிலேயே முடிவு பண்ணியிருந்தார்.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று அயூப் பாய் நினைத்தார், திட்டுவார் என்று நினைத்தார், வெளியே போங்கள் என்பார் என்று நினைத்தார். எதுவும் நடக்கவில்லை. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, உள்ளறைக் கதவைத் திறந்தார்.

"அனிருத். போனை வை. இங்க வா."

அவன் வந்தான். அப்பாவின் நெற்றி அப்படியே அவனுக்கு. கண் சிவந்திருந்தது.

"பாய், இன்னொரு தடவை சொல்லுங்கோ" என்றார் டீச்சர். "முதல்லேர்ந்து. இவன் காதுல விழட்டும்."

அயூப் பாய் நின்றுகொண்டு மறுபடி சொன்னார். முதல் முறை சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. சொல்லி முடித்ததும், அனிருத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"மேனுவல்ல போடணும்னா லாகின் வேணுமே. நீங்க அட்டெண்டர்தானே? யாரோட லாகின்?"

கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. அவன் அதைத்தான் கேட்பான் என்று அயூப் பாய்க்குத் தோன்றாமல் போனது. திருடினேன் என்று சொல்லலாம். தெரியாது என்று சொல்லலாம். இரண்டில் எதைச் சொன்னாலும், இதுவரை சொன்ன அத்தனையும் கூடச் சேர்ந்து பொய்யாகிவிடும். டீச்சருக்கு மறுபடி சந்தேகம் வரும், மறுபடி தன் கையையே பார்த்துக்கொண்டு உட்காருவார்.

"எம்புள்ளையோடது" என்றார். "இர்ஃபான். அலாரத்த அணைக்கிறதுக்குன்னு குடுத்தான். அவன் தொடாதன்னுதான் சொன்னான்."

மகனின் வேலையைத் தன் வாயாலேயே பறித்து இன்னொருவன் கையில் கொடுத்தாயிற்று என்று தெரிந்தது. இனி அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

அனிருத் செல்லை எடுத்தான். "ஃபால்ட் எங்க வீட்ல இருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. கையெழுத்து வேற வாங்கிட்டுப் போனாங்க. அந்தக் கம்பெனியை நான் சும்மா விட மாட்டேன். அவன் முழுப் பேர் என்ன? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அயூப் பாய் வாயைத் திறந்தார். அதற்குள் டீச்சர் மகனின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வகுப்பில் சிலேட்டில் தப்பாக எழுதும் பிள்ளையின் கையை நிறுத்துகிற பிடி.

"எழுது. வேண்டாங்கல. யாருக்கு எழுதணுமோ எழுது. அதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லு."

"என்னம்மா சொல்லணும்?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல என்ன சொன்னியோ அது தப்புன்னு சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். செல் திரை தானாக அணைந்தது.

அயூப் பாய் வாசல் பக்கம் நகர்ந்தார். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் தனக்கு என்ன வேலை என்று செருப்பைத் தேடினார்.

"நீங்க எங்க போறேள்?" என்றார் லோகநாயகி டீச்சர் திரும்பாமலேயே. "உக்காருங்கோ பாய். அவன் சொல்லி முடிக்கறவரைக்கும் நீங்களும் இங்க இருக்கணும்."

அயூப் பாய் திரும்பி வந்து, முன்பு உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.